ஜெனி இன்னும் வரவில்லை

பேருந்தில் ஏறியதும் ஓட்டுநருக்கு வணக்கம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு கண்ணாடி வழியாக நடத்துநரைப் பார்த்தார். பின்லாந்தில் ஆறு வருடமாக, ஏறும்போது வணக்கமும் இறங்கும்போது நன்றியும் சொல்லிப் பழகிய வாய். அங்கே யாரும் யாரோடும் அநாவசியமாகப் பேச மாட்டார்கள், ஓட்டுநருக்கு மட்டும் அந்த இரண்டு வார்த்தை உண்டு. இங்கே எல்லாரும் எல்லாரோடும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநரோடு மட்டும் யாரும் பேசவில்லை.

"எங்க போணும்?" என்றார் நடத்துநர். நெய்யூர் என்றேன்.

"ஆஸ்பத்திரிக்கா?"

"இல்லை, வீட்டுக்கு."

வெளியூர்க்காரர்கள் நெய்யூருக்கு வருவது மிஷன் ஆஸ்பத்திரிக்குத்தான், அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கே அந்தச் சொல் கொஞ்சம் தடுக்கத்தான் செய்தது. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம், 'வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் ஏற்பாடு செய்துவிட்டு வந்தேன்' என்று நான் சொன்ன வீடு வேறு. அது ஏரிக்கரையில் மாணவர் குடியிருப்பில் நான்காம் மாடியில் ஒரே ஒரு அறை.

அண்ணன் ஸ்டான்லி விமான நிலையத்துக்குக் காரோடு வருகிறேன் என்றுதான் சொன்னான். அம்மாவை விட்டுவிட்டு வர வேண்டாம், தனியாக எங்கெங்கோ போய் வருகிறவளுக்குச் சொந்த ஊருக்கு வரத் தெரியாதா என்று வீறாப்பாகச் சொன்னது நான். அந்த வீறாப்பு ஊர் எல்லை வரைக்கும் தாங்கியது. நிறுத்தம் நெருங்கியதும் மணி அடிக்கப் பொத்தானைத் தேடினேன். கம்பியில் தேடினேன், சன்னல் ஓரத்தில் தேடினேன். முன் இருக்கையில் மீன் கூடையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார்.

"என்னத்த தேடுக மக்களே?"

"இறங்கணும்."

"எறங்கணும்னா விளிச்சுச் சொல்லாண்டாமா? கம்பியத் தடவிக்கிட்டு நிண்ணா வண்டி நிக்குமா?"

வண்டி அதற்குள் ஊரைத் தாண்டியிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு, பத்தொன்பது வருடம் குடியிருந்த ஊருக்கு வழி கேட்காத குறையாக ஒரு ஆட்டோவைப் பிடித்தேன்.

நான் வந்தது ஒரே காரியத்துக்காக. அம்மாவுக்கு மறதி நோய். அறுபது ஆகவில்லை, அதற்குள் பிடித்துக்கொண்டது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு பக்கத்து வீட்டுக்காரர்களை, பிறகு சில நேரம் அண்ணன் மனைவி சுஜா மைனியை, ஸ்டான்லியைக்கூட. சில மாதங்களாக நான் போனில் பேசினால், 'ஆளு மாறிப் போச்சு' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். இத்தனைக்கும் தினமும் என்னைத்தான் கேட்கிறாளாம். "ஜெனி வந்தாச்சா, ஜெனி வந்தாச்சான்னு ஒரே கேள்வியாக்கும்" என்றான் ஸ்டான்லி. "எங்கள ஒருநாள் ஓர்மையிருந்தா மறுநாள் இல்ல. ஒன்ன மட்டும் விட்டிட்டில்ல. நீ நேர்ல வந்து நிண்ணா தெளியும்னு எனக்குத் தோணுது. லேட்டாக்காதட்டி." ஆய்வேட்டுக்கு நடுவில் இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கு ஒரே ஒரு முறை என்னை அடையாளம் தெரிந்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அம்மா பயறு உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"வாங்க, இரிங்க. ஸ்டான்லி கடைக்குப் போயிருக்கான், இப்பம் வருவான்."

"எம்மா, நான் ஜெனி."

"ஜெனியா? அவ வெளிநாட்டுல படிக்கப் போயிருக்கா. இன்னும் வரல்ல." பிறகு முகம் பளிச்சென்று மலர்ந்தது. "நீங்க அவளுக்க கூடப் படிக்கவளா? அவ நல்லா இரிக்காளா? நேரத்துக்குச் சாப்பிடுகாளா?"

நல்லா இருக்கா, சாப்பிடுகா என்றேன். வேறு என்ன சொல்ல. என் அம்மா என்னை 'நீங்க' என்றதை ஜீரணிக்கவே அந்த நாள் முழுவதும் ஆனது.

மதியம் மைனி மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் வைத்திருந்தாள். அந்தக் குளிரில் எத்தனையோ நாள் கனவு கண்ட சாப்பாடு. இரண்டாவது வாயில் கண்ணில் தண்ணீர் வந்தது, பாசத்தினால் என்று மைனி நினைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினாள். பாசமெல்லாம் இல்லை, காரம்தான். "ஒனக்குன்னு மொளகு கொறச்சாக்கும் போட்டேன்" என்றாள். அம்மா அவளைக் கோபித்தாள். "வெளிநாட்டு ஆளுக்கு என்னத்துக்கு இதக் குடுத்த? தோச வல்லதும் இருந்தாக் குடு." அன்று சாயங்காலம் வயிறு அம்மா சொன்னதுதான் சரி என்று நிரூபித்தது.

அம்மா காத்துக்கொண்டிருக்கும் ஜெனியை எனக்கும் நன்றாகத் தெரியும். இடுப்புக்குக் கீழே பின்னல். பேசும்போது துப்பட்டா நுனியைத் திருகுவாள். கடையில் மீதிச் சில்லறை கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டு வருவாள். அவளைப் படிக்க அனுப்பக் கூடாது என்று பெரியப்பா வீட்டில் எல்லாரும் சொன்னபோது, எதிர்த்துப் பேசி அனுப்பியது அம்மாதான். அப்பா அப்போது உயிரோடு இல்லை. 'எனக்க மவ மண்ணப் பத்திப் படிக்கணும்னு சொல்லுகா, படிக்கட்டும்' என்று ஒரே வரியில் முடித்தாள்.

முதல் குளிர்காலத்தில், வகுப்பில் பேராசிரியை என்னைப் பார்த்து 'உன் கருத்து என்ன?' என்று கேட்டார். எனக்குப் பின்னால் யாரைக் கேட்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது. அதுவரை என் கருத்தை யாரும் கேட்டதில்லை, எனக்கும் அப்படி ஒன்று இருப்பதாகத் தெரியாது. கழிவறைக்குப் போய் அழுதேன். அடுத்த வருடம் அதே வகுப்பில் ஒரு கட்டுரை தவறு என்று எழுந்து நின்று சொன்னேன். அதற்குப் பிறகு நிறையக் கற்றுக்கொண்டேன். தனியாகச் சாப்பிட, முடியாது என்று சொல்ல, பனியில் சைக்கிள் ஓட்ட. கூச்சமே உயிராக இருந்தவள், முன்பின் தெரியாத பெண்களோடு நீராவி அறையில் உட்கார்ந்து வேர்த்து, ஏரியில் குதிக்கக்கூடக் கற்றுக்கொண்டாள். மூன்றாம் வருடம் அறைத்தோழி சமையலறைக் கத்தரிக்கோலால் என் பின்னலை வெட்டினாள். அன்று நான் அழவில்லை, தலை லேசாக இருந்தது.

நான்காம் வருடம் ஆண்டவர் மேலிருந்த நம்பிக்கை போனது. அது ஒரே நாளில் போய்விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் தூங்கிவிட்டேன், அடுத்த ஞாயிறு விழித்துக்கொண்டே படுத்திருந்தேன். போனில் அம்மாவிடம் சொன்னேன், 'எம்மா, எனக்கு இப்ப ஜெபம் வரல்ல.' அவள், 'குளிருக்கு வல்லதும் போட்டிருக்கியா?' என்று கேட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் கேட்டதே இல்லை. மனதில் இல்லாததை வாயால் சொல்ல மாட்டேன் என்று நான் ஆனதைத்தான், பல்கலைக்கழகம் எனக்குக் கொடுத்த உண்மையான பட்டமாக நினைத்திருந்தேன். மற்றதெல்லாம் காகிதம்.

எங்கள் பக்கத்துச் சபை வீடுகளில் சாயங்காலம் ஏழு மணியானால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பாய் விரிப்பார்கள். குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, கொஞ்சம் வேத வாசிப்பு, பிறகு ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். வீட்டில் எது சின்னதோ அது முதலில், அப்படியே வயதுப்படி ஏறி, பெரியவர் கடைசியில். எல்லாரும் முடிக்கும் வரை யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. ஸ்டான்லிக்கு இன்னும் குழந்தையில்லை, அதனால் எங்கள் வீட்டில் சின்னது நான்தான். பேச்சு வந்த நாளிலிருந்து ஊரை விட்டுப் போன நாள் வரை முதல் ஜெபம் என்னுடையது.

நான் போன பிறகு அந்த இடத்தை என்ன செய்தார்கள் என்று நான் கேட்டதில்லை. முதல் சாயங்காலமே பார்த்தேன். பாட்டு முடிந்து, வாசிப்பு முடிந்து, எல்லாரும் கண்ணை மூடினார்கள். யாரும் பேசவில்லை. அம்மா கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கேட்கக் காத்திருப்பவளாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு ஜெபம் எங்கள் வீட்டுக்குள் தெளிவாகக் கேட்டது.

"ஜெனி இன்னும் வரல்ல" என்றாள் அம்மா. "செரி, சுஜா, நீ செய்."

மைனி ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். நான் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டெய்லி இப்படித்தானா?" என்று பிறகு அவளைக் கேட்டேன்.

"டெய்லியும்தான். நீ போன அண்ணையிலருந்து. நோவு வாறதுக்கு முந்தியே."

அடுத்த நாட்களில் நாங்கள் என்னவெல்லாமோ செய்து பார்த்தோம். பழைய போட்டோவைக் காட்டினோம். அம்மா போட்டோவில் இருந்த பின்னலைத் தடவிப் பார்த்தாள், என்னைப் பார்த்து, 'உங்களுக்குக் காய்ச்சல் வந்து முடி கொட்டிச்சோ?' என்று பரிவோடு விசாரித்தாள். மைனி பரணிலிருந்து என் பழைய சுடிதாரை எடுத்துத் தந்தாள், அது தோளில் ஏறவில்லை. ஸ்டான்லி, நீ வெளியே நின்று போன் செய், சத்தம் கேட்டால் தெரியும் என்றான். தென்னை மரத்தடியில் நின்று போன் செய்தேன். சன்னல் வழியாக அம்மா போனைக் காதில் வைப்பது தெரிந்தது.

"எம்மா, நான் ஜெனி பேசுகேன்."

"எனக்க மவ இப்பம் கிளாஸ்ல இருப்பா" என்றாள் அம்மா. "பொறவு விளியுங்க."

ஸ்டான்லி சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். பிறகு மரத்தடியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன், உள்ளே போக மனமில்லை.

ஒரு நாள் அம்மாவுக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டி வாங்கக் கோட்டாறு கடைத்தெருவுக்குப் போனேன். கடையில் பெரிய கூட்டம். ஒருவருக்குப் பின்னால் ஒருவராக நிற்பார்கள் என்று நினைத்து, கைக்கெட்டும் தூரத்துக்கு இடம் விட்டு நின்றேன். நான் விட்ட இடத்தில் ஒரு குடும்பமே வந்து நின்று துணி எடுத்துவிட்டுப் போனது. ஒருவழியாகக் கல்லா வரைக்கும் போய் வேண்டியதைச் சொன்னேன்.

"மேடம் எந்த ஊரு? மலேசியாவா?" என்றார் கடைக்காரர்.

"நெய்யூர்."

"செரி செரி" என்று சிரித்தார். "நெய்யூர்க்காரி இப்பிடிப் பேசமாட்டா கேட்டியளா. இது டிவி பாஷையாக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு வாக்கியம் சொல்லிக் காட்டலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது, ஆனால் யாரோ எங்கள் ஊர்க்காரர்களைக் கேலி செய்வதாகத்தான் அது என் காதிலேயே விழுந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். துணியை வாங்கிக்கொண்டு, கதீட்ரல் பக்கமாக நடந்து, ஒரு கடையில் கட்டன் சாயாவும் ரசவடையும் வாங்கினேன். வடை நன்றாகத்தான் இருந்தது. எதிரில் கல்லூரிப் பெண்கள் நான்கு பேர் ஒரே வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டு, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பிடித்து உட்கார வைத்து ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. படியுங்கள் என்றா, படிக்காதீர்கள் என்றா?

அதற்கு அடுத்த ஞாயிறு மதியம் அம்மாவைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சின்ன வயதில் எங்களுக்கு வெளியூர் என்றால் அதுதான். வழியிலேயே டயர் பஞ்சர். ஸ்டான்லி மாற்றிக்கொண்டிருக்கும்போது, ஒரு சுற்றுலா வேன்காரர் எங்கள் காரை ஒட்டி வண்டியை நிறுத்தி, அம்மா இறங்க முடியாதபடி செய்துவிட்டு, நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சொன்னேன். ஓரமாகப் போங்க என்று கையை ஆட்டினார். விடவில்லை. அவருக்கு முன்னால் போய் நின்று, உள்ளே ஒரு நோயாளி இருக்கிறார், வண்டியை எடுக்கும்வரை நகர மாட்டேன் என்று அதே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். சுற்றிலும் ஆள் கூடியது. கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். ஆறு வருடத்துக்கு முன்னால் நான் காருக்குள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

கடற்கரையில் சங்கு மாலை விற்கும் பெண்ணிடம் அம்மா உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு மாலையாக எடுத்துப் பார்த்தாள்.

"எனக்க மவளுக்கு ஒண்ணு வேணும். அவ வெளிநாட்டுல படிக்கா. சின்னது போதும். பெலமாத் தெரியப்பிடாது, அவளுக்கு வெக்கம். நாலு பேரு நிண்ணாலே எனக்க முதுகுக்குப் பொறத்தால ஒளிஞ்சிரும்."

விற்கிற பெண் என்னைக் காட்டிக் கேட்டார், "அப்போ இவிய யாரு?"

"இது எனக்குத் தொணைக்கு வந்த பிள்ளை. நல்ல தைரியம் கேட்டியா. இப்பம் வழியில ஒருத்தன நிறுத்தி நியாயம் கேட்டுது." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "எனக்க மவளக் கொண்டு இதெல்லாம் முடியாது. அவ ஒருநாளும் இப்பிடி ஆவமாட்டா."

அதைக் குறையாகச் சொன்னாளா, நிறைவாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. இப்படி ஆவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் போனை வைத்துவிட்டு, அம்மா இதைப் பார்த்தால் எப்படிச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துத்தான் அடுத்த நாள் எழுந்து வகுப்புக்குப் போனேன். வளர்வது என்றால் இருப்பதோடு கூடுவது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அங்கே ஒருத்தி வளர்ந்தாள், இங்கே ஒருத்தி காணாமல் போனாள். இந்த இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே உடம்பில் நடந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களையும் ஒன்று எடுக்கட்டுமா என்று ஒருவர் கேட்டார், வேண்டாம் என்றேன்.

நான் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அடுக்களையில் மைனிதான் பேச்சை எடுத்தாள்.

"நீ அந்த ஜெபத்தச் செய்து பாரேன் ஜெனி. மாமி அதத்தான காத்துக்கிட்டு இரிக்காவ. மொகம் மாறிப் போச்சு, முடி போச்சு. அது மாறியிருக்காதுல்லா."

"எனக்கு அதில நம்பிக்கை இல்ல மைனி."

"நம்பாண்டாம். சொன்னாப் போதும்."

"மனசில இல்லாதத எப்படிச் சொல்ல?"

வாசலில் நின்றிருந்த ஸ்டான்லி உள்ளே வந்தான். அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "நாலு வார்த்த பறஞ்சா ஒனக்கு என்னட்டி கொறஞ்சு போவும்? அந்த யூனிவர்சிட்டிக்காரன் வந்து பட்டத்தப் பிடுங்கீருவானா?"

"அது பொய் இல்லியா? அப்படி ஜெபிக்கிற ஆள் நான் இல்ல. நான் மாறிட்டேன். அம்மை என்னை, இப்ப இருக்கிற என்னைத் தெரிஞ்சுக்கிடணும்."

"அம்மைக்கு ஒன்ன வேண்டாம்" என்றான் ஸ்டான்லி. "அவளுக்கு ஜெனி வேணும்."

சொன்ன பிறகு அவனுக்கே கஷ்டமாகிவிட்டது. மோர் குடிக்கியா என்று கேட்டான். நான் வெளியே போய்த் துணி உலர்த்தும் கயிற்றுக்குக் கீழே நின்றேன். காய்ந்த துணியை எல்லாம் எடுத்து மடித்தேன், மடித்ததைப் பிரித்துத் திரும்ப மடித்தேன். அன்று சாயங்காலமும் அம்மா காத்திருந்தாள், நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இந்த ஆறு வருடமும் ஒரு வேஷம் என்று ஆகிவிடும் என்று பயமாக இருந்தது. திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துதான் இருந்தது. இந்த நோயில் பழைய ஞாபகங்களும் ஒவ்வொன்றாகப் போய்விடும், அடுத்த முறை நான் வரும்போது அம்மாவுக்கு ஜெனி என்ற பேரே இருக்காது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

கடைசி நாள் பெட்டியைக் கட்டிவிட்டு, அம்மாவைக் குளிப்பாட்டி, கோட்டாறில் வாங்கிய நைட்டியைப் போட்டுவிட்டேன். 'நீங்க எதுக்குச் சிரமப்படுகிய' என்று வழக்கம்போல் சொன்னாள். ஏழு மணிக்குப் பாய் விரித்தார்கள். பாட்டு முடிந்தது, ஸ்டான்லி வாசித்தான். கண்களை மூடினோம். அம்மா தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள். பக்கத்து வீட்டிலும் பாட்டு முடிந்து அமைதியானது. அம்மா மூச்சை இழுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. இன்னும் வரல்ல என்று சொல்லப்போகிறாள்.

"அன்புள்ள ஆண்டவரே" என்றேன்.

அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இந்த நாளுக்காக ஸ்தோத்திரம் வந்தது. வீட்டில் இருக்கிற எல்லாரும் பேர் பேராக வந்தார்கள், அப்பாவும் உயிரோடு வந்தார். எதிர்வீட்டு ரோசம்மா சித்தியின் முட்டுவலி வந்தது. சித்தி இறந்து நாலு வருடமாகிவிட்டது. ஈன நிற்கிற மாடு, பள்ளிக்கூட வண்டி, கணக்குப் பரீட்சை, வெயிலில் வாடுகிற வாழை எல்லாம் வந்தன. கோட்டாறில் எவ்வளவு தேடியும் கிடைக்காத பேச்சு, இழுவையும் ஏற்ற இறக்கமுமாகத் தானே வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது. குரல்கூட மேலே ஏறிச் சின்னதாகிவிட்டது. ஒரு சொல்லையும் நான் நம்பிச் சொல்லவில்லை. ஒரு சொல்லும் பிசகவில்லை.

ஆமென் என்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்துவிட்டாள். கண் மூடியிருந்தது. இன்னும் மற்றவர்கள் ஜெபிக்க வேண்டுமே.

"எப்பம் வந்த மக்களே?" என்று கிசுகிசுத்தாள்.

"இப்பம்தான் எம்மா."

"கை ஏன் இப்பிடித் தணுத்துக் கெடக்கு? சாப்பிட்டியா நீ?"

சாப்பிட்டேன் என்றேன். அம்மாவின் மூடிய கண்ணோரம் நனைந்திருந்தது, முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இரண்டு வாரம் அவளுக்குச் சோறு ஊட்டி, தலை சீவி, பக்கத்தில் படுத்தும் எனக்குக் கிடைக்காதது அது. கிடைத்ததும் எனக்கில்லை. என் கைக்குள் அவள் கை இருந்தது, ஆனால் அவள் பிடித்திருந்தது வேறொருத்தியை. பொறாமை என்று சொன்னால் சிரிப்பாக இருக்கும், எனக்கு வந்தது பொறாமைதான்.

மைனி ஜெபித்தாள், பாதியிலேயே முடித்துக்கொண்டாள். ஸ்டான்லி நாலு வரியில் முடித்தான். பிறகு அம்மாவின் முறை. பல மாதமாக ஜெபத்தில் அவள் சேர்ந்தாற்போல இரண்டு வாக்கியம் சொன்னதில்லை என்று மைனி சொல்லியிருந்தாள். அன்று தெளிவாகப் பேசினாள்.

"ஆண்டவரே, எனக்க மவளப் பத்திரமாக் கொண்டு வந்து சேத்தியே, ஒமக்கு ஸ்தோத்திரம். அவளுக்க படிப்பெல்லாம் முடிஞ்சுது, இனி அவ எங்கயும் போவாண்டாம். பொறவு ஆண்டவரே, இஞ்ச ஒரு பிள்ளை வந்து நிக்குது. முடி வெட்டின பிள்ளை. நல்ல பிள்ளையாக்கும், என்னக் குளிப்பாட்டி, துணி மாத்தி எல்லாம் விட்டுது. ஜெனி வந்தாச்சு, இனி அதுக்கு இஞ்ச வேலையில்ல. அதயும் பத்திரமா அதுக்க வீட்டுல கொண்டு சேரும். அதுக்கும் ஒரு அம்மை இருப்பா. பாவம், காத்துக்கிட்டு இருப்பா."

ஆமென் வரப்போகிறது. ஆமென் சொன்னதும் அம்மா கண்ணைத் திறப்பாள். திறந்தால் எதிரில் நான்தான் இருப்பேன்.

அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, மைனியின் கைக்குள் வைத்துவிட்டு, சத்தம் கேட்காமல் எழுந்து வெளியே போனேன்.